வேகமா, தூரமா? ஓடுகிறவர்களுக்கு ஒரு வாரக் கணக்கு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆவணி மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பும் இன்னும் பேச வேண்டியிருப்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் குடியிருப்பில் ஓடுகிறவர்கள் இரண்டு கட்சியாக இருக்கிறோம். ஒரு கட்சி, காலையில் கேட்டிலிருந்து ஜெனரேட்டர் அறை வரை வேகமாக ஓடி, மெதுவாகத் திரும்பி, மறுபடி வேகமாக ஓடுகிறவர்கள். இதைத்தான் இன்டர்வல் பயிற்சி என்கிறோம். இன்னொரு கட்சி, துறைமுக லாரிகளுக்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமை ஓட்டப்பிடாரம் வரை காரில் போய், வ.உ.சி. நினைவு இல்லத்தருகே வண்டியை நிறுத்திவிட்டு, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைப் பக்கம் ஓடித் திரும்புகிறவர்கள். முதல் கட்சிக்கு இருபது நிமிடத்தில் வேலை முடிய வேண்டும். இரண்டாம் கட்சிக்குக் கடிகாரத்தில் கிலோமீட்டர் ஏற வேண்டும்.

இதுவரை சண்டை இல்லை. ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தான், அதாவது 21.1 கி.மீ., ஓடுவது என்று சிலர் பெயர் கொடுத்த பிறகுதான் சிக்கல் வந்தது. வேகக் கட்சி தூரத்தையும் சேர்த்தது, தூரக் கட்சி வேகத்தையும் சேர்த்தது. இரண்டும் ஒரே மாதத்தில். இன்று மூன்று பேர் ஓட முடியாமல் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கெண்டைக்கால், ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குக் குதிகால். இவர்களில் சி பிளாக் அண்ணாச்சி சர்க்கரைக்காக ஓடத் தொடங்கியவர். ஓட்டம் நின்றதோடு அவர் நடையும் நின்றுவிட்டது. எனக்கு அதுதான் கவலை. பதக்கம் வாங்க நாம் ஓடவில்லை. அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் ஓட வேண்டும் என்பதற்காக ஓடுகிறோம்.

வேகம் பெரிதா, தூரம் பெரிதா என்ற வாதம் பழையது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாட்டோபெக் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினார். அதுதான் அவர் ஓடிய முதல் மாரத்தான். அவருடைய பயிற்சி இன்டர்வல். 400 மீட்டரை ஒரே நாளில் 40 முறை கூட ஓடியிருக்கிறார். எட்டு ஆண்டு கழித்து, 1960 ரோம் ஒலிம்பிக்கில் நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். இரண்டு நிமிடம் கூட நீடிக்காத பந்தயம் அது. ஆனால் அவருடைய பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை மலைப்பாதையில் 35 கி.மீ. ஓட வைத்தவர்.

இதைக் கேட்டு இரண்டு கட்சியும் ஆளுக்கொரு சாட்சியைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் கூட்டிப் பாருங்கள். 400 மீட்டர் 40 முறை என்றால் வேக ஓட்டம் மட்டும் 16 கி.மீ. இடையில் மெதுவாக ஓடியதையும் சேர்த்தால் இருபதைத் தாண்டும். ஸாட்டோபெக்கின் இன்டர்வலுக்குள்ளேயே தூரம் இருந்தது. ஸ்னெல்லும் பந்தயம் நெருங்கும்போது வேகப் பயிற்சி செய்தவர்தான். இருவருக்கும் அடியில் இருந்தது தூரம்.

நார்வேயில் பணியாற்றும் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், முன்னணி வீரர்களின் பயிற்சியைப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னார். அவர்களுடைய பயிற்சிகளில் சுமார் 80 சதவீதம் மெதுவானவை, 20 சதவீதம்தான் கடினமானவை. நம்மில் பலர் செய்வது வேறு. மெதுவாக ஓட வேண்டிய நாளில் பக்கத்தில் ஓடுகிறவருக்குப் போட்டியாக வேகம் கூட்டுகிறோம். வேகமாக ஓட வேண்டிய நாளில் களைத்துப்போய் வேகம் வருவதில்லை. எல்லா நாளும் நடுவாந்தரமாகப் போகிறது.

ஓட்டப்பிடாரம் பக்கத்துச் சம்சாரி பருத்திக்கு நடுவே உளுந்தை ஊடுபயிராகப் போடுவார். உளுந்து லாபம்தான், அதற்காகப் பருத்திக்கு இடமில்லாமல் நெருக்கி விதைக்க மாட்டார். நமக்கு மெதுவான தூரம்தான் பருத்தி. இன்டர்வல் ஊடுபயிர்.

வாரத்தில் நான்கு நாள், மொத்தம் மூன்றரை மணி நேரம் ஒதுக்க முடிந்தவருக்கு என் யோசனை இது.

செவ்வாய்: இன்டர்வல். சூடேற்றும் ஓட்டம் பத்து நிமிடம், வேக வேலை இருபது நிமிடம், ஆறவிடும் நடை பத்து நிமிடம்.

வியாழன்: மெதுவோட்டம் 40 நிமிடம். பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு உடைந்தால் வேகம் அதிகம்.

சனி: மெதுவோட்டம் 30 நிமிடம். முடியாதவர்கள் நடக்கலாம்.

ஞாயிறு: நீள ஓட்டம். இதுவும் பேசிக்கொண்டே ஓடும் வேகம்தான்.

செவ்வாய்க்கிழமை இருபது நிமிடத்துக்கு கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தார் சோதித்த 10-20-30 முறையைச் சொல்வேன். 30 விநாடி மெதுவாக, 20 விநாடி நடுத்தரமாக, 10 விநாடி முழு வேகத்துக்குப் பக்கத்தில். இப்படி நிற்காமல் ஐந்து முறை. பிறகு இரண்டு நிமிட ஓய்வு. இதை மூன்று சுற்றுச் செய்தால் 19 நிமிடம். அதில் உண்மையான வேகம் இரண்டரை நிமிடம்தான். 2012-இல் வெளியான அந்த ஆய்வில், ஏற்கனவே ஓடிப் பழகியவர்கள் தங்கள் மொத்த ஓட்டத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்டு ஏழு வாரம் இதைச் செய்தார்கள். 5 கி.மீ. நேரத்தில் சராசரியாக 48 விநாடி குறைந்தது, இரத்த அழுத்தமும் இறங்கியது. 5 கி.மீ. ஓட்டம் மட்டும் போதும் என்பவர்களுக்கு இது நல்ல செய்தி. 21 கி.மீ. ஓட வேண்டியவருக்கு இது மட்டும் போதாது. இரண்டரை மணி நேரம் காலில் நின்று பழகுவதற்குக் குறுக்கு வழி இல்லை.

அடுத்தது தூரத்தைக் கூட்டும் கணக்கு. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 5,200 ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2025-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட ஒரே ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டியவர்களுக்குக் காயம் அதிகம். இரண்டு மடங்குக்கு மேல் கூட்டியவர்களுக்கு அபாயமும் இரண்டு மடங்குக்கு மேல். "வாரம் முழுக்க ஓடவில்லை, ஞாயிற்றுக்கிழமை சேர்த்து ஓடிவிடலாம்" என்கிற நம் பழக்கத்துக்கு இதுதான் பதில்.

இப்போது 8 கி.மீ. ஓடுகிறவர், ஒவ்வொரு முறையும் 10 சதவீதம் கூட்டினால், ஒன்பது முறையில் 18 கி.மீ. தாண்டிவிடுவார். மூன்று வாரம் கூட்டி நான்காவது வாரம் குறைத்து ஓடினால் பன்னிரண்டு வாரம். பந்தயத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் இளைப்பாறல். செப்டம்பர் நடுவில் தொடங்கினால் ஜனவரிக்குச் சரியாக வரும். 18 ஓடியவர் பந்தய நாளில் 21 ஓடிவிடலாம்.

இதில் ஒரே ஒரு விதியை மறக்க வேண்டாம்: தூரம் கூட்டுகிற வாரத்தில் இன்டர்வலைக் கூட்டாதீர்கள். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். மூச்சு தயாராகிவிட்டதே என்று காலை நம்பக் கூடாது. நீள ஓட்டத்துக்கும் இன்டர்வலுக்கும் இடையில் குறைந்தது ஒரு முழு நாள் இருக்கட்டும். மழை பெய்த மறுநாளே கரிசலில் யாரும் டிராக்டரை இறக்குவதில்லை. பதம் வரக் காத்திருப்பார்கள். தூக்கம் கெட்டிருந்தாலோ, ஒரே இடத்தில் வலி இருந்தாலோ, அந்த வாரம் விட வேண்டியது இன்டர்வல். வலி ஓடும்போது கூடினால் ஓட்டத்தையும் நிறுத்திவிட்டு நடங்கள்.

ஓட்டப்பிடாரம் பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்றுக் காலம் இன்னும் முடியவில்லை. போகும்போது மேற்கே, காற்றுக்கு எதிராக ஓடுங்கள்; திரும்பும்போது காற்று தள்ளிவிடும். எதிர்க்காற்றில் கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்த்து வருந்த வேண்டாம், மூச்சை வைத்துக் கணக்கிடுங்கள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் தார்ச் சாலையை விட்டு இறங்காதீர்கள். கரிசல் ஷூவில் அப்பி ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனக்கும். கோடையில் அதே மண் வெடித்துக் கணுக்காலைப் பிடிக்கும். வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் இரண்டு மாதம் இன்டர்வல் பக்கமே போக வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் வேகப் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். உடன் ஓடுகிறவர் முகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வார அட்டவணையை லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். செவ்வாய் காலை 5.15-க்கு கேட்டருகே கூடுவோம். ஞாயிறு 4.45-க்குக் கார்கள் கிளம்பும். தூரக் கட்சியில் ஒருவரும் வேகக் கட்சியில் ஒருவரும் ஒவ்வொரு காரிலும் இருந்தால் நல்லது. சி பிளாக் அண்ணாச்சிக்குப் பிசியோதெரபிஸ்ட் நடக்க அனுமதி கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை அவரோடு அரை மணி நேரம் நடக்க இரண்டு பேர் வேண்டும். பெயர் கொடுக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.