வடகரை வரைக்கும்

இந்த எபிசோடை அச்சன்புதூர்ல, எங்க வீட்டு மச்சுல உட்கார்ந்து பதிவு பண்றேன். பின்னாடி காத்துச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கோங்க. ஆனி மாசம், சாரல் நேரம். ஜன்னலைச் சாத்தினாலும் அது உள்ளே வந்துரும். சொல்லப்போற கதையிலும் வரும்.

ஜனவரியில ஒரு விடியற்காலை, சென்னையில சைக்கிள் ஓட்டிட்டு இருந்தப்ப ஒரு வேன் என்னை இடிச்சுட்டுப் போயிருச்சு. வலது தொடை எலும்பு ரெண்டாப் போச்சு. எலும்புக்குள்ளயே நீளமா ஒரு கம்பியைச் செருகி, ரெண்டு முனையிலும் ஸ்க்ரூ போட்டாங்க. அதுக்கப்புறம் ஊருக்கு வந்துட்டேன். வாக்கரோட வந்த என்னைப் பார்த்து அம்மா அழல. ராத்திரி மட்டும் சொன்னாங்க: "ஏல, மறுபடி அந்தச் சைக்கிளத் தொட்டேன்னு வையி, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அதுல நியாயம் இருந்துச்சு. மூணு மாசம் என்னைக் குளிப்பாட்டினது அவங்க. முப்பது வயசுப் பிள்ளையை.

உடைஞ்சது தொடைதான், ஆனா மடங்காமப் போனது முட்டி. அசையாமக் கிடந்தா தொடைத் தசை விறைச்சிரும், முட்டி தன் பங்குக்குப் பூட்டிக்கும். மார்ச்ல தென்காசியில பிசியோதெரபிக்குப் போனப்ப 70 டிகிரிதான் மடங்கிச்சு. சாதாரணச் சைக்கிள்ல பெடல் ஒரு முழுச் சுற்று சுத்தணும்னா, முட்டி ஏறக்குறைய 105, 110 டிகிரி மடங்கணும். சீட்டைத் தூக்கி வெச்சா தேவை கொஞ்சம் குறையும். நான் வருஷக்கணக்கா எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம்னு மட்டுமே பார்த்து ஓட்டினவன். இந்த ஒரு எண் என் காதுலயே விழுந்ததில்ல.

அங்கே ஒரு நிலைச் சைக்கிள் இருந்துச்சு. முதல் ரெண்டு வாரம் சுத்தவே இல்ல. முன்னாடி பாதி, பின்னாடி பாதி, தொட்டில் மாதிரி ஆட்டிக்கிட்டே இருக்கணும். ஒருநாள் பின்பக்கமா மிதிச்சப்ப பெடல் மேலே ஏறி, ஒரு கணம் நின்னு, அந்தப் பக்கம் இறங்கிருச்சு. பலருக்கு முழுச் சுற்று முதல்ல பின்னோக்கித்தான் வருமாம். பக்கத்துல தோள்பட்டைக்கு வந்திருந்த பெரியவர் ஒருத்தர் கை தட்டினார், அதுவும் நல்லா இருந்த ஒரு கையால தொடையில.

இந்த நேரத்துல நண்பர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்ல ஒரே கதையை அனுப்பினாங்க: எகான் பெர்னால். 2019 டூர் டி பிரான்ஸ் ஜெயிச்ச கொலம்பியாக்காரர். 2022 ஜனவரியில பயிற்சியில இருந்தப்ப, நின்னுட்டிருந்த பஸ்மேல மோதினார். முதுகெலும்பு, தொடை, முட்டிச்சில்லு, விலா எலும்புகள் எல்லாம் உடைஞ்சது. அதே ஆகஸ்ட்ல டென்மார்க்ல பந்தயத்துக்கு வந்துட்டார். "ஏழே மாசம், மச்சி!" உண்மையைச் சொன்னா எரிச்சலாத்தான் இருந்துச்சு. அப்புறம் நானே தேடிப் படிச்சேன். விபத்துக்குப் பிறகு அவர் முதல் தடவை ஜெயிச்சது 2025 பிப்ரவரியில, சொந்த நாட்டுச் சாம்பியன்ஷிப்ல. இடையில மூணு வருஷம். அந்த மூணு வருஷத்தை யாரும் எனக்கு ஃபார்வர்டு பண்ணல.

ஹைதராபாத் ஆதித்ய மேத்தா இருக்கார். சாலை விபத்துல ஒரு காலையே இழந்தவர், செயற்கைக் காலோட 2013 ஆசிய பாரா சைக்கிளிங்ல ரெண்டு வெள்ளி வாங்கினார். அவரைப் பத்தித் தனி எபிசோடே பண்ணலாம்.

மே கடைசியில எக்ஸ்ரே பார்த்துட்டு, எலும்பு கூடிருச்சு, சமதரையில மெதுவா ஓட்டலாம்னு டாக்டர் சொன்னார். ஆனா எதை ஓட்டுறது? என் சைக்கிள் நசுங்கிப் போச்சு. அப்பாவோட பழைய சைக்கிள்ல நடுவுல பார். வலது காலைப் பின்னாடி வீசி ஏறணும், முடியாது. கடைசியில சித்தி மகளோட சைக்கிள்தான் கிடைச்சுது. பிளஸ் ஒன்ல அரசு இலவசமாக் கொடுத்தது, முன்னாடி கூடை, நடுவுல பார் கிடையாது, காலை அப்படியே நுழைச்சு உட்காரலாம். ஒரு சைக்கிளுக்கு நான் முன்ன செலவு பண்ணின காசைச் சொன்னா அவ சிரிப்பா. "அண்ணே, கூடையில பால் பாக்கெட் மட்டும் வாங்கிட்டு வந்துரு"ன்னா.

அம்மாகிட்ட மறைச்சு ஓட்டலாம்னுதான் முதல்ல நினைச்சேன். சின்ன ஊரு, அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிரும். அதனால சொன்னேன். அவங்க பதில் பேசல. அரிசி களைஞ்சுக்கிட்டே இருந்தாங்க.

இங்கே மேற்கே போற ரோடு வடகரைக்கு, அதையும் தாண்டினா மேக்கரை, அடவிநயினார் அணை. இந்த மாசம் செங்கோட்டைக் கணவாய் வழியாக் கேரளாக் காத்து நேரா மூஞ்சியில அடிக்கும். அடிபட்டவனுக்கு அதுல ஒரு வசதி இருக்கு. போகும்போது எதிர்க்காத்து, எவ்வளவு முடியுதோ அவ்வளவுதான் போவோம். களைச்சுத் திரும்பினா அதே காத்து முதுகுல கை வெச்சு வீடு சேர்க்கும். கிழக்கே போயிட்டா கதை தலைகீழ். இதை ஒருநாள் கிழக்கே போய்த்தான் கத்துக்கிட்டேன். வீட்டுக்கு ஒரு லோடு ஆட்டோவுல வந்தோம், நானும் கூடையும் பாலும்.

முட்டி இப்போ 125 வந்துருச்சு. வராதது வேற. பின்னாடி ஒரு மினி பஸ் ஹாரன் கேட்டா கை தானா பிரேக்கைப் பிடிக்குது. இடது காலை ஓரத்துல ஊன்றி, அது கடந்து போற வரைக்கும் நிப்பேன். அதுக்கு டிகிரிக் கணக்கு கிடையாது. முதல் நாள் வயக்காட்டு ஓரமா அப்படி ஏழு தடவை நின்னேன். எட்டாவது தடவை நின்னுட்டுத் திரும்பிப் பார்த்தா, தூரத்துல அம்மா நடந்து வந்துட்டிருக்காங்க. கையில குடை, கால்ல செருப்பு இல்ல. அவசரத்துல அப்படியே கிளம்பியிருக்காங்க.

எதுவும் கேட்கல. மூச்சு வாங்கிக்கிட்டு, "மழை வருது பாரு"ன்னாங்க. ரெண்டு பேரும் திரும்பினோம். நான் சைக்கிளை உருட்டிக்கிட்டு, கூடையில மடக்கின குடை. அந்தக் காத்துல அதை விரிக்க முடியாது.

இப்போ வடகரை வரைக்கும் போறேன். போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால், கிளம்பும்போது ஒண்ணு. அதுதான் எங்களுக்குள்ள பேச்சு. மேக்கரைக்கு இன்னும் கேட்கல. சாரல் முடியட்டும்.