மூன்று பேர் எழுதும் சட்டம்

வீட்டு மின்மீட்டர் பழுதானால் பில்லை எப்படிப் போடுவது, டெபாசிட் எவ்வளவு கேட்பது, துண்டித்த இணைப்பை எப்போது திரும்பத் தருவது? இவற்றையெல்லாம் சட்டமன்றம் எழுதவில்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் தந்த அதிகாரத்தில் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் எழுதுகிறது. தலைவரையும் சேர்த்து அதில் மூன்று பேருக்கு மேல் இருக்க முடியாது. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பாத அந்த மூவர் எழுதுவது சட்டமாகவே நம்மைக் கட்டுகிறது. அந்த விதி செல்லுமா என்று பார்க்க மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை என்று 2010இல் பி.டி.சி. இந்தியா வழக்கில் உச்சநீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு சொல்லிவிட்டது. ரிட் மனுவோடு உயர்நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். இத்தகைய விதிகளில் நீதிமன்றம் தலையிடக்கூடாது என்று சொல்லி, இருக்கிற ஒரே கதவையும் ஒடுக்கப் பார்ப்பதை நாம் எப்படி ஏற்பது?

நீதிபதிக்கு மின்சாரம் தெரியுமா என்கிறார்கள். யூனிட்டுக்கு என்ன விலை என்று அவரை யாரும் கேட்கவில்லையே! தாய்ச்சட்டத்தை மீறியதா, அடிப்படை உரிமையைப் பறித்ததா, அப்பட்டமாகத் தன்னிச்சையானதா என்பவைதான் கேள்விகள். 2006இல் தமிழக அரசுக்கும் பி.கிருஷ்ணமூர்த்திக்கும் இடையே நடந்த வழக்கில் உச்சநீதிமன்றம் இந்த வரம்புகளை வரிசைப்படுத்தியது. ஆராய்வது என்றாலே ரத்து செய்வது என்று பொருளல்ல: அதே வழக்கில், ஆற்றுமணல் அள்ளும் உரிமையை அரசே எடுத்துக்கொண்ட விதியை அது ரத்து செய்துவிடவில்லை. சட்டமன்றத்தில் விதிகளை வைக்கிறோமே என்பது இன்னொரு சமாதானம். மேசையில் வைப்பது வேறு, வரிவரியாக விவாதிப்பது வேறு.

நீதிமன்றம் விதிகளை ரத்து செய்வதால் கம்பெனிகள்தான் பிழைக்கின்றன என்பது கனமான ஆட்சேபம். பாதியில் அறுந்த ஒவ்வொரு செல்போன் அழைப்புக்கும் ஒரு ரூபாய், நாளொன்றுக்கு மூன்று ரூபாய் வரை இழப்பீடு என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட விதியை 2016இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. மக்களுக்கு வந்த கோபம் நியாயமானது. ஆனால் நூற்றுக்கு இரண்டு அழைப்புகள் அறுபடலாம் என்று அனுமதித்ததும் அதே டிராய்தான். தன் விதியோடு தானே முரண்பட்டதால் அது விழுந்தது. இன்று கம்பெனிக்கு உதவிய அதே அளவுகோலைத்தான் நாளை மின்பில்லோடு நிற்கும் ஏழை நீட்டவேண்டியிருக்கிறது.

வரைவை முன்கூட்டியே வெளியிடவேண்டும் என்கிறது மின்சாரச் சட்டத்தின் 181ஆம் பிரிவு. ஆனால் அரசிதழில் விதி வந்துவிட்டால் அது முறைப்படி செய்யப்பட்டதற்கு அதுவே முடிவான சான்று என்கிறது 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டம். நாம் அனுப்பிய ஆட்சேபத்தைப் படித்தார்களா என்று கேட்கும் வாயையே இது அடைத்துவிடப் பார்க்கிறது. அந்த 2016 செல்போன் தீர்ப்பே வெளிப்படையான விதியாக்கத்துக்குச் சட்டம் கொண்டுவரும்படி நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. தில்லிக்காகக் காத்திராமல், மாநிலச் சட்டங்களின் கீழ் வரும் விதிகளுக்காவது நம் சட்டமன்றம் அதைச் செய்யட்டும்: ஆட்சேபங்களை ஏன் ஏற்கவில்லை என்ற காரணங்களை விதியோடு சேர்த்து அச்சிடவேண்டும், அச்சிடாத விதியை உயர்நீதிமன்றம் ரத்து செய்யலாம்.