ஓரணாவும் ஒப்புதலும்



தெலுங்கும் உருதுவும் ஒரே தெருவில் கலந்து ஒலிக்கும் இந்த ஐதராபாத் மாநகரில், தமிழகத்திலிருந்து வந்த நான் என் தாய்மொழியிலேயே பேசுவதற்கு இசைவு தந்த உங்கள் பெருந்தன்மைக்கு முதற்கண் என் நன்றி. இன்று பட்டம் பெறும் உங்களுள் பலர் மருத்துவத்திலும் சமூகவியலிலும் வேளாண்மையிலும் ஆராய்ச்சி நிகழ்த்தி, நெறிமுறைக் குழுவின் அங்கீகாரத்தை முறைப்படி பெற்று, ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு இம்மண்டபத்துக்கு வந்திருக்கிறீர்கள். அந்த 'அங்கீகாரம்' என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இந்நகரின் பேகம்பேட்டையில், 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துப் புழுக்கத்தில், இராணுவ வைத்தியராயிருந்த ரொனால்டு ராஸ், மலேரியாக் காய்ச்சலால் வாடிய ஹுசேன் கான் என்ற நோயாளியின் உடலில் கொசுக்களைக் கடிக்கவிட்டு, அக்கொசுக்களை நாள்தோறும் அறுத்துப் பார்த்து, 20-ஆம் தேதி அனாபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் நோய்க்கிருமியின் வளர்ச்சியைக் கண்டார் என்பதும், அதன் பயனாக 1902-இல் நோபல் பரிசு பெற்றார் என்பதும் நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்தவையே. கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் ஹுசேன் கானுக்குக் கூலி கொடுக்கப்பட்டது என்பது பாடப் புத்தகங்களில் அவ்வளவாக இடம்பெறுவதில்லை. தம் இரத்தத்தைக் கொண்டு எந்தப் பேருண்மை தேடப்படுகிறது என்பதை அந்த மனிதரிடம் எவரேனும் எடுத்துரைத்தார்களா? அக்காலத்தில் அப்படி எடுத்துரைக்க வேண்டும் என்ற விதியே இல்லை. ஆயினும் அவருடைய பெயராவது எஞ்சியதே என்று நான் ஆறுதல் கொள்வதுண்டு. அவருக்குப் பின் ஆராய்ச்சிக்கு உட்பட்ட லட்சக்கணக்கானோர் நம் ஏடுகளில் வெறும் எண்களாகவே நிற்கிறார்கள்.

விதிகள் பின்னர் வந்தன. உலகப்போரின் கொடுமைகளை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றம் 1947-இல் மனிதனின் சம்மதமே முதன்மையானது என்று வரையறுத்தது. 1964-இல் ஹெல்சிங்கிப் பிரகடனம் பிறந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-இல் தன் முதல் கொள்கை அறிக்கையை வெளியிட்டு, 2000-த்திலும் 2006-லும் 2017-லும் அதை விரித்து எழுதியது. இன்று எந்த நிறுவனத்திலும் நெறிமுறைக் குழுவின் தலைவர் வெளியாராக இருக்க வேண்டும். சட்டம் அறிந்தவரும் சமூகவியல் அறிந்தவரும், மருத்துவத் துறையைச் சாராத சாதாரண மனிதர் ஒருவரும் அதில் அமர வேண்டும். அந்தச் சாதாரண மனிதரின் நாற்காலியே குழுவின் ஜீவநாடி என்பது என் துணிபு.

ஆனால் அங்கீகாரம் இருந்தும் அநீதி நேர முடியும் என்பதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 2009 ஜூலையில் கம்மம் ஜில்லாவில், பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பதினாலாயிரம் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டம் உரிய அனுமதிகளோடு தொடங்கிற்று. அவர்களுள் பலர் பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோரைப் பிரிந்து அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். சில மரணங்கள் நேர்ந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அம்மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருந்ததாகத் தெரியவில்லை என்றே விசாரணைக் குழு கூறிற்று. அந்தத் தடுப்பூசி பெண்குலத்துக்கு நன்மை பயப்பது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் சம்மதப் பத்திரங்களைப் புரட்டிய கண்களுக்குப் புலப்பட்டது என்ன? தாய் தந்தையர் கையொப்பமிட வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் கையொப்பமிட்டிருந்தனர். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. நல்ல மருந்தும் தவறான கையொப்பமும் ஒரே தாளில் இருக்கக்கூடும் என்பதைக் கம்மம் நமக்குக் காட்டிற்று. மருந்து நல்லதாயிருப்பது அந்தக் கையொப்பத்தை நியாயப்படுத்திவிடாது.

நிற்க. இருளை மட்டும் காட்டிவிட்டு அமர்வது என் நோக்கமன்று. குன்னூரில் 1918-இல் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய ஒரு சிறு கூடம் வளர்ந்து, 1958-இல் இந்நகருக்குக் குடிபெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரோடு விளங்குகிறது. அதை வழிநடத்திய டாக்டர் கோபாலன் எங்கள் சேலத்தில் பிறந்தவர் என்பதைச் சொல்லும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்ட தக்கணத்து ஏழைகளுக்கு, வெயில் படும் தோல் கருத்து உரிந்து, வயிறும் மனமும் கெடும் பெல்லக்ரா நோய் ஏன் வருகிறது என்ற வினாவை அவரும் உடன் ஆராய்ந்த ஸ்ரீகாந்தையாவும் எடுத்துக்கொண்டு, சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்ற பொருளே காரணமாகலாம் என்ற கருத்தை 1960-இல் உலகின் முன் வைத்தனர். நோயாளியின் தட்டிலிருந்த ரொட்டியிலிருந்து புறப்பட்ட வினா அது!

இந்நகருக்குத் தெற்கே, மகபூப்நகர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த அவுரேப்பள்ளி என்ற கிராமத்தை நினைக்குந்தோறும் என் நெஞ்சம் நிறைகிறது. பட்டாஞ்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம் 1975-இல் அவ்வூரிலும் வேறு ஐந்து ஊர்களிலும் ஊருக்கு நாற்பது குடும்பங்களைத் தேர்ந்து, அங்கேயே குடியிருக்கும் பணியாளர்களை அமர்த்தி, விதைப்பையும் கூலியையும் கடனையும் ஆண்டுக்கணக்காகப் பதிவு செய்தது. அவ்வாறு உழவரோடு பழகியதன் பின்னரே ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்ற பொருளியலார் அவர்களோடு நாணயம் சுண்டும் ஒரு விளையாட்டை நடத்தினார். அரை ரூபாயில் தொடங்கிப் பெருந்தொகை வரை மெய்யான பணத்தையே பரிசாக வைத்தார். பணம் படைத்தவரும் இல்லாதவரும் ஏறக்குறைய ஒரே அளவு எச்சரிக்கையோடு தெரிவு செய்தனர் என்று அவர் 1980-இல் எழுதினார். ஏழை உழவன் உரத்தையும் புது விதையையும் ஏற்க மறுப்பது அவனுடைய கோழைத்தனத்தால் என்று நகரத்தார் சுமத்தியிருந்த பழி அன்று ஆட்டங்கண்டது. அவன் கையில் முதல் இல்லை, கடன் கொடுப்பார் இல்லை; குறை அங்கே இருந்தது. ஒரு சமூகத்தின் மீதிருந்த அவதூறை நீக்கியது என்பதைவிட ஓர் ஆராய்ச்சிக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

என் இளமையில் நடந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தருமபுரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், முத்திரையிட்ட அங்கீகாரக் கடிதத்தோடு குழந்தைகளின் இரத்தச்சோகையை ஆராய்ந்து திரும்பிய நாங்கள், ஓராண்டு கழித்து வேறொரு வேலையாக அவ்வூருக்குப் போனோம். திண்ணையில் இருந்த ஒரு மூதாட்டி என்னை அடையாளம் கண்டு, "போன தையில பேத்திக்கு ரத்தம் எடுத்துக்கிட்டுப் போனீங்களே தம்பி, அதுல என்ன இருந்துச்சுன்னு யாரும் வந்து சொல்லலையே?" என்று கேட்டார். அந்தக் குழந்தையின் இரத்தம் மிக மெலிந்திருந்தது என்பது எங்கள் ஏட்டில் பதிவாகி ஓராண்டாகியிருந்தது. அது கட்டுரையிலும் ஏறிவிட்டது. அந்த வீட்டு வாசலை மட்டும் எட்டவில்லை. அன்று நான் தலைகுனிந்து நின்றேன். இரும்புச்சத்து மாத்திரைகளை நானே வாங்கிக்கொண்டு மறுநாள் சென்றது அந்த ஓராண்டை ஈடுசெய்யவில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆய்வேட்டின் பிரதி நூலக அலமாரிக்குப் போய்விட்டது. பட்டமும் கைக்கு வந்துவிட்டது. ஊருக்குப் புறப்படுமுன், உங்கள் முடிவுகளை ஒரு பள்ளிப்பிள்ளைக்கும் விளங்கும் தெலுங்கிலோ உருதுவிலோ இரண்டே பக்கத்தில் எழுதுங்கள். யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வினாத்தாளை நிரப்பினீர்களோ, யார் விரலில் ஊசி குத்தினீர்களோ, யார் வயலில் மண் அள்ளினீர்களோ, அவர்களிடமே சென்று அதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் கேள்வி கேட்பார்கள். விடை சொல்லி முடிக்கும் வரை அங்கேயே இருங்கள்.