பஞ்சாலையும் சிறுவர் வாக்குமூலமும்



இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் பொலின் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் ஸ்டையல். 1784இல் சாமுவேல் கிரெக் அங்கே பஞ்சாலை நிறுவினார். ஆற்றுநீரே சக்கரத்தைச் சுழற்றியது. ஊரில் ஆட்கள் போதாமையால், ஏழையர் விடுதிகளிலிருந்து சிறுவர் சிறுமியரைத் தொழில் பயிலுவோராகக் கொணர்ந்தார். 1790இல் அவர்கள் தங்க இல்லமும் எழுப்பினார். மருத்துவம் உண்டு, ஓரளவு கல்வியும் உண்டு. இரக்கமுள்ள முதலாளி எனப் போற்றுவோர் உளர். டொமினிக்காத் தீவில் அடிமைகள் உழைத்த தோட்டமும் அவருக்கு இருந்தது என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

1806இல் அவ்வில்லத்துச் சிறுவர் இருவர் இலண்டனுக்கு ஓடினர். தாமஸ் பிரீஸ்ட்லிக்கு வயது 13. இயந்திரத்தில் ஒரு விரலை இழந்தவன். ஜோசப் செஃப்டனுக்கு வயது 17. நடுவர்முன் அவர்கள் கூறியவை எழுத்தில் எஞ்சியுள்ளன. முதலாளியின்மீது தனக்குக் குறையில்லை, தாயைக் காணவே வந்தேன் என்கிறான் செஃப்டன். கண்டனவுரைகள் பல படித்தவன் நான். குறைகூறாத இவ்விடையே என்னை உலுக்கியது.

1939இல் ஆலை தேசிய அறக்கட்டளையின் உடைமையாயிற்று. 1959இல் உற்பத்தி நின்றது. இன்று காட்சியகம். வருவோர் பெருஞ்சக்கரத்தை வியந்து நிற்கின்றனர். சிறுவர் தங்கிய இல்லமும் அருகிலேயே உள்ளது.