கண்டி மலைநாட்டுக் கிறிஸ்தவத் தாய்மாரும் தலைமுறை உறவும்



ஒரு சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். முறைப்படி மணமுடித்த பெற்றோருக்குப் பிறந்த ஒருவரிடம் 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் வழியை மட்டுமே விசாரித்தது. உன் தகப்பன் இந்த நாட்டில் பிறந்தவனா? இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும், அவனுடைய தகப்பனும் இங்கே பிறந்தவர்களா? தாய் எங்கே பிறந்தாள் என்று அது கேட்கவில்லை. ஹேவாஹெட்டையிலோ புசல்லாவையிலோ தாயும் பாட்டியும் பிறந்து, உழைத்து, அதே தோட்டத்து மண்ணில் அடங்கியிருந்தாலும் அது கணக்கில் சேரவில்லை. தாயின் வழியாகவும் பிரஜாவுரிமை வரும் என்று சட்டம் ஒப்புக்கொள்ள 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வேதம் அப்படி எண்ணவில்லை. தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். அந்த வாலிபனின் விசுவாசத்தைப் பேச வந்த பவுல், பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைக்கிறார். தகப்பன் பெயர்களாகவே அடுக்கிவரும் மத்தேயுவின் வம்ச வரலாற்றிலும் தாமாரும் ராகாபும் ரூத்தும் உரியாவின் மனைவியும் இடம்பெற்று, ஐந்தாவதாக மரியாள் வருகிறாள். அவர்களில் புறவினத்தாரும் உண்டு, ஊர் வாயில் விழுந்தவர்களும் உண்டு. நம் மலைநாட்டின் கதையையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது. இங்கே தலைமுறையைத் தலைமுறையோடு சேர்த்துப் பிடித்தவள் தாய். அந்தப் பாரத்தையும் அவளே தனியாகச் சுமந்தாள்.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருமார் விரட்டப்பட்டார்கள். கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் பரதேசிக் கோலத்தில் வந்து இறங்கியது 1687இல். இடையே 29 ஆண்டுகள். 1658இல் தொட்டிலில் கிடந்த பெண் குழந்தை, அவர் வந்தபோது பிள்ளை பெற்ற தாயாகியிருப்பாள். அப்படியும் ஜெபம் மறக்காத வீடுகளை அவர் கண்டார். மூப்பர்களும் உபதேசிமாரும் துணை நின்றது உண்மைதான். ஆனால் மாலையில் பிள்ளையை மடியில் உட்காரவைத்துச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால் எனக்கு ஒரு பதில்தான் தோன்றுகிறது. 1692இல் அவர் கண்டிக்கு வந்தபோது ஒற்றர் என்று பிடித்துச் சிறையில் வைத்தார்கள். 1697இல் இந்த நகரத்தில் அம்மை பரவி ஜனங்கள் ஓடியபோது, ஓடாமல் நின்று நோயாளரைப் பராமரித்தவர் அவரே. 1711இல் கண்டியிலேயே காலமானார். 2015இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அவரை வரவேற்று மறைத்து வைத்த அந்த வீடுகளின் தாய்மாரையும் நான் நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்துக் கதை பிறகு வந்தது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து பெரும்பாலும் ஆண்களே வந்தார்கள். அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டதும், 1869இல் தொடங்கிய நோய் கோப்பியை அழித்ததும் எல்லாவற்றையும் மாற்றின. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். அதனால்தான் பெண்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மலைநாட்டில் பேரன் பேத்தி என்று ஒரு சமூகம் வேர்விட்டது அந்தப் பெண்கள் வந்ததால்.

1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் உபதேசிமாரைத் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு அனுப்பியது. கத்தோலிக்கக் குருமாரும் மலை ஏறினார்கள். ஆனாலும் தோட்டங்கள் பல, ஊழியர் சிலர். பூசையும் ஆராதனையும் எப்போதாவது கிடைப்பவை. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், விடியுமுன் பெரட்டு என்ற வேலை அணிவகுப்புக்குப் போய், பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டுகிற ஒருத்திதான் அந்த வீட்டின் ஆலயத்தையும் நடத்தினாள். ஜெபமாலையோ குடும்ப ஜெபமோ, அவள் தூங்கி விழுந்தால் அன்றைக்கு இல்லை.

இந்தத் தாய்மாரைப் பற்றி ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பம் என்பது கிறிஸ்தவர்கள் மட்டும் நிறைந்த உறவு அல்ல. அண்ணன் மாரியம்மன் திருவிழாவில் கரகம் எடுப்பவராக இருப்பார், தங்கை ஞாயிறு ஆலயத்துக்குப் போவாள். அவள் பிள்ளைக்குக் காது குத்தும்போது மடியில் உட்காரவைக்க வேண்டியவர் அந்த அண்ணன்தான். பேத்தி பெரியவளானால் தாய்மாமன் சீர் வர வேண்டும். அதை வேண்டாம் என்று சொன்னால் அண்ணனை வேண்டாம் என்று சொன்னதாகும். பல தாய்மார் போதகரிடம் வாதாடாமலே ஒரு வழி கண்டார்கள். சீர்த்தட்டை வாங்கிக்கொண்டார்கள், அதன்மேல் ஜெபம் செய்தார்கள். தீபாவளிக்கு அங்கிருந்து பலகாரம் வரும், நத்தாருக்கு இங்கிருந்து கேக் போகும். மரண வீட்டில் இரண்டு பக்கமும் ஒன்றாக உட்கார்ந்து அழும். உறவை வெட்டினால்தான் விசுவாசம் தூய்மையாகும் என்று போதித்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். அவர்களைவிட அந்தத் தாய்மார் சுவிசேஷத்தை நன்றாக அறிந்திருந்தார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அண்ணனை நேசிக்காத வீட்டில் பிள்ளை எந்த அன்பைக் கற்கும்?

அந்த உறவுகளையே ஓர் ஒப்பந்தம் பிரித்தது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்களாக்கிய தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். பகிரப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பெற்றோருக்கு இந்தியப் பாஸ்போர்ட், கட்டிக்கொடுத்த மகளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று ஒரே வீட்டில் இரண்டு நாடுகள் உண்டாயின. ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, பலர் நீலகிரியில் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போனார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்து பறித்தார்கள். 1984இல் கப்பலும் நின்றது.

மகளின் பேறுகாலத்துக்குத் தாய் வர முடியவில்லை. தாயின் அடக்கத்துக்கு மகள் போக முடியவில்லை. எழுதத் தெரியாதவள் அடுத்த காம்பராப் பிள்ளையைப் பிடித்து வான்கடிதம் எழுதவைத்தாள். யார் பிறந்தார், யாருக்கு யாரைப் பேசுகிறார்கள், யார் போய்ச் சேர்ந்தார் என்பதையெல்லாம் அந்த ஒற்றைத் தாள் சொன்னது. கண்டியில் சத்தியோதயம் நிலையத்தை நிறுவிய இயேசு சபைக் குரு போல் கெஸ்பர்ஸ் போன்றவர்கள் நாடற்றவர்களுக்காக வாதாடினார்கள், அதற்கு நாம் என்றும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் சின்னம்மா மகன் எந்த டிவிசனில் இருக்கிறான் என்ற கணக்கு தாய்மாரின் நினைவில் மட்டுமே இருந்தது.

இன்று தாயே வெளியேறுகிறாள். வளைகுடாவில் யாரோ ஒருவருடைய பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள், தன் பிள்ளையைத் திரையில் பார்க்கிறாள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிக்கு வெளிநாடு போகக் கூடாது என்று 2013இல் விதி வந்தது. தகப்பனுக்கு அப்படி ஒரு விதி வரவில்லை. மேடையில் தாய்மையைப் போற்றிவிட்டுப் பாரத்தை அவள் தலையிலேயே விடுகிற பழக்கம் ஆலயங்களிலும் இருக்கிறது. அன்னையர் ஞாயிறில் ஒரு பூக் கொடுக்கிறோம். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அறுபது வயது அம்மாயிக்கு மாலையில் ஒரு மணிநேரம் துணையாக யாரை அனுப்புகிறோம்? குடும்ப ஜெபத்தைத் தொடங்க வேண்டியவர் தானும்தான் என்று தகப்பனிடம் எப்போது சொன்னோம்?

ஒரு தாயாரின் நினைவாக அவர் குடும்பத்தினர் நிறுவிய இந்த அறக்கட்டளையின் குழுவினரிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. சட்டம் தாயை விட்டுவிட்ட காலத்திலும் ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயின் பெயர் எழுதப்பட்டது, ஞானப் பெற்றோரின் பெயரும் எழுதப்பட்டது. கத்தோலிக்க ஆலயங்களில் ஒருவர் வேறு பங்கில் மணமுடித்தால், அந்தச் செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, அவர் பெயருக்கருகே ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும் என்பது திருச்சபை விதி. அப்படியானால் இங்கிருந்து போன பெண்கள் எங்கே வாழ்க்கைப்பட்டார்கள் என்பதற்கு நம் ஏடுகளின் ஓரங்களில் தடயம் இருக்கும். மலைநாட்டு ஈரம் அந்தக் காகிதத்தை அரித்துக்கொண்டிருக்கிறது.

இந்த ஆண்டு நிதியில் பழைய பதிவேடுகளைப் படமெடுக்கத் தொடங்குங்கள். ஹேவாஹெட்டை, புசல்லாவைப் பக்கத்துப் பங்குகளை முதலில் எடுக்கலாம். அங்கிலிக்கன், மெதடிஸ்த ஆலயங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இளைஞர் இருவர் இருவராகத் தோட்டத்துப் பாட்டிமாரிடம் உட்கார்ந்து, அவர்கள் சொல்கிற உறவுமுறைகளை, இந்து உறவினரையும் விடாமல், எழுதி எடுக்கட்டும். மறுகரையில் உதகை மறைமாவட்டத்துக்கும் நீலகிரியின் மற்றச் சபைகளுக்கும் குழுவின் பெயரால் கடிதம் எழுதுங்கள். இரண்டு பக்கத்து ஏடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க, பெயர்களைச் சொல்லித் தரக்கூடிய பாட்டிமார் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இன்று இந்த மண்டபத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள்.