கட்டிப் புற்றுநோயும் கார்-டி செல்களும்

நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்தெடுத்து, புற்றுச் செல்லின் மேலுள்ள ஒரு புரதத்தை இனங்காணும் செயற்கை ஏற்பியை மரபணு வழியாக அவற்றில் ஏற்றி, பெருக்கி, மீண்டும் உடலில் செலுத்துவது கார்-டி சிகிச்சை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஸெலிக் எஷ்ஹார் 1980களின் இறுதியில் முன்வைத்த இந்த எண்ணம், 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 இந்தியாவில் 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. இரண்டும் ரத்தப் புற்றுநோய்க்கானவை. இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் வாய், மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்களோ கட்டிகளாக வளர்பவை. அவற்றுக்கு இச்சிகிச்சை இன்னும் எட்டவில்லை.

முதல் தடை இலக்கு. ரத்தப் புற்றுநோயில் குறிவைக்கப்படும் சிடி19 புரதம் பெரும்பாலும் பி செல்களில்தான் இருக்கிறது; அவை முழுவதும் அழிந்தாலும் நோயாளி பிழைத்திருப்பார். கட்டிகளின் புரதங்கள் பெரும்பாலும் நுரையீரல், குடல் போன்ற உறுப்புகளிலும் சிறிதளவு இருக்கின்றன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்திலிருந்து 2010இல் வெளிவந்த அறிக்கை இதை உணர்த்தியது. ஹெர்2 புரதத்தைக் குறிவைத்த செல்கள் குடல் புற்றுநோயாளி ஒருவருக்குச் செலுத்தப்பட்டன. 15 நிமிடங்களுக்குள் மூச்சுத்திணறல் தொடங்கியது. ஐந்தாம் நாள் அவர் இறந்தார். நுரையீரல் செல்களில் இருந்த சொற்ப ஹெர்2 புரதமே காரணம் என ஆய்வாளர்கள் கருதினர். கொல்லும் திறனுக்கு முன் பகுத்தறியும் திறன் வேண்டும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று தேவையில்லை.

இரண்டு புரதங்களும் ஒருசேர இருந்தால் மட்டுமே தாக்கும் செல்களை, கலிபோர்னியாவில் வெண்டெல் லிம் குழு வடிவமைத்தது, இரட்டைப் பூட்டுப் போட்டதுபோல. ஆனால் ஒரே கட்டிக்குள்ளும் எல்லாச் செல்களும் ஒரே புரதத்தைத் தாங்குவதில்லை. 2016இல் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனை வெளியிட்ட ஒரு மூளைப் புற்றுநோயாளியின் வரலாறு இதைக் காட்டும்: ஒரே புரதத்தைக் குறிவைத்த கார்-டி செல்களால் மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்த கட்டிகள் கரைந்தன, ஆனால் ஏழரை மாதத்துக்குப் பின் நோய் புதிய இடங்களில் தலைதூக்கியது. ஒன்றுக்கு மேற்பட்ட இலக்குகளைத் தாக்கும் செல்கள் இதற்காகவே சோதிக்கப்படுகின்றன. பாதுகாப்புக்கு இலக்கைச் சுருக்க வேண்டும். நோய் தப்பாமலிருக்க விரிக்க வேண்டும். இந்த முரணே துறையின் மையச் சிக்கல்.

அடுத்தது சூழல். கட்டியின் அடர்ந்த நார்த்திசு செல்களை உள்ளே விடுவதில்லை. நுழைந்தவையும் அங்குள்ள தடுப்புச் சமிக்ஞைகளால் சோர்ந்துபோகின்றன. டி செல்களைத் தூண்டும் இன்டர்லூகின்-15 என்ற புரதத்தை அச்செல்களையே சுரக்கச் செய்வது ஒரு தீர்வு. ஜிபிசி3 புரதத்தைக் குறிவைத்த அமெரிக்க ஆய்வுகளில், அது சேர்க்கப்படாதபோது 12 பேரில் ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. சேர்த்தபோது 12 பேரில் மூன்றிலொரு பங்கினருக்குச் சுருங்கியது. கூடவே அழற்சி எதிர்வினையும் கூடியது. சிலருக்குச் செல்களை அழிக்கும் தற்காப்பு மரபணுவை இயக்க நேர்ந்தது.

பலன்கள் வரத் தொடங்கிவிட்டன என்பதும் உண்மை. ரோம் நகரின் பம்பினோ ஜெசூ மருத்துவமனை 2023இல் வெளியிட்ட ஆய்வில், நியூரோபிளாஸ்டோமா என்னும் நரம்புத் திசுக் கட்டி நோயாளிகள் 27 பேரில் 63 சதவீதத்தினர் பலன் கண்டனர். கிளாடின்18.2 புரதத்தைக் குறிவைத்த சீனாவின் இரைப்பைப் புற்றுநோய் ஆய்வு 2025இல் வெளிவந்தது. கட்டிகளுக்கான கார்-டி சிகிச்சையை வழக்கமான சிகிச்சையுடன் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட முதல் ஆய்வு அது. நோய் முற்றாமலிருந்த காலம் 1.77 மாதத்திலிருந்து 3.25 மாதமாக நீண்டது. நோயாளியின் கணக்கில் இது சிறிய ஆதாயமே. ஆயினும் ஒப்பீட்டில் நின்ற ஆதாயம்.

ஆகவே இத்துறையில் எழுதப்படும் ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையும், தன் இலக்குப் புரதம் எந்தெந்த இயல்பான உறுப்புகளில் எவ்வளவு இருக்கிறது என்பதை முதலில் சொல்லட்டும். கட்டி சுருங்கிய கணக்கை அதற்குப் பிறகு வைக்கட்டும்.