பாதியில் வைத்துவிட்டு எழக்கூடிய வேலை

(திருப்பதியில் நடைபெற்ற மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இடுப்பில் குழந்தையோடு பின்வரிசையில் நிற்கும் இளம் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: நீங்கள் நடுவில் எழுந்து போனால் நான் தவறாக நினைக்க மாட்டேன். நான் பேச வந்த விஷயமே அதுதான்.

எனக்கு இரண்டு குழந்தைகள். பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு மூன்று. பள்ளிக்கூட வேலையும் உண்டு. இதற்கிடையில் நூல் நூற்பதிலும் ஸ்வெட்டர் பின்னுவதிலும் எனக்கு ஒரு பைத்தியம். "உனக்கு எப்படியம்மா நேரம் கிடைக்கிறது?" என்று கேட்காதவர் இல்லை. கிடைப்பதில்லை என்பதுதான் உண்மையான பதில்.

தக்ளி எனக்குத் தாத்தாவிடமிருந்து வந்தது. ஒரு கம்பி, கீழே ஒரு பித்தளை வட்டு, மேலே நூல் மாட்டச் சின்னக் கொக்கி, அவ்வளவுதான். ஆவணி அவிட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பே திண்ணையில் உட்கார்ந்து நூற்க ஆரம்பித்துவிடுவார். நான்கு விரலைச் சேர்த்து வைத்து 96 சுற்று என்று பூணூலுக்கு அளவு உண்டல்லவா, அதை எண்ணுவதுதான் என் வேலை. நடுவில் யாராவது வந்தால் தக்ளியை மாடத்தில் வைத்துவிட்டு எழுந்து போவார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து நூற்பார். நூல் அறுந்தாலும் கவலைப்பட மாட்டார். அறுந்த முனையைப் பஞ்சுப் பட்டையின் மேல் இரண்டு அங்குலம் படியவிட்டு ஒரு சுழற்று சுழற்றினால் ஒட்டிக்கொள்ளும்.

பின்னல் பெரியம்மாவிடம் கற்றது. டில்லியில் முப்பது வருஷம் இருந்தவர். குளிர்காலத்தில் கரோல்பாக் மொட்டை மாடி வெயிலில் பஞ்சாபி மாமிகளோடு உட்கார்ந்து பின்னியே ஹிந்தியும் கற்றுக்கொண்டாராம். சித்தூர் வெயிலில் கம்பளி எதற்கு என்று சிரிப்பவர்கள், மார்கழியில் விடியற்காலை திருமலையில் வரிசையில் நின்றுவிட்டு வந்து பேசலாம்!

அமெரிக்க மானுடவியலாளர் ஜூடித் பிரவுன் 1970-ல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். எந்த வேலை பெண்கள் கையில் வருகிறது, எது வருவதில்லை என்று பார்த்தார். சிறு குழந்தையைப் பார்த்துக்கொண்டே செய்ய முடிகிற வேலைதான் பெண்களிடம் வந்து சேர்கிறது என்றார். அது ஊன்றிய கவனம் கேட்கக் கூடாது, பாதியில் நிறுத்த வேண்டும், மறுபடி சுலபமாகத் தொடர வேண்டும், குழந்தைக்கு ஆபத்து இருக்கக் கூடாது, வீட்டை விட்டுத் தூரம் போகக் கூடாது. நூற்பும் நெசவும் ஆயிரக்கணக்கான வருஷங்கள் பெண்களிடம் இருந்ததற்கு இதைத்தான் காரணமாக எடுத்துக்கொண்டு, எலிசபெத் பார்பர் என்ற அம்மையார் 1994-ல் முழுப் புத்தகமே எழுதினார்.

நம் நூல்களிலும் இது இருக்கிறது. புறநானூற்றில் இரவில் சின்ன விளக்கை வைத்துக்கொண்டு பருத்தி வேலை பார்க்கும் பெண் வருகிறாள். பகலில் அவளுக்கு ஏது ஒழிவு? அர்த்த சாஸ்திரத்தில் நூலுக்கென்றே ஒரு அதிகாரி உண்டு. வெளியே வராத பெண்களுக்குப் பஞ்சை வீட்டுக்கே அனுப்ப வேண்டும். விடியற்காலையில் நூலைக் கொண்டு வருகிறவளின் நூலைப் பார்க்க மட்டும்தான் விளக்கு. அவள் முகத்தைப் பார்த்தாலோ, வேறு பேச்சுப் பேசினாலோ அதிகாரிக்குத் தண்டனை! இந்த ஒரு விதியை இன்றைக்கும் சில ஆபீஸ்களில் எழுதி மாட்டலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

காந்திஜி தினம் அரை மணி நேரம் நூற்கச் சொன்னார். 1925-ல் தொடங்கிய அகில பாரத சர்க்கா சங்கத்தில் அங்கத்தினராக மாதம் ஆயிரம் கஜம் நூல் கொடுக்க வேண்டியிருந்தது. கைக்குழந்தைக்காரிக்குச் சேர்ந்தாற்போல் அரை மணி ஏது? எனக்குக் கிடைப்பது சாதம் குக்கரில் இருக்கும்போது நான்கு நிமிஷம், பெரியவன் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது ஐந்து நிமிஷம். அதற்கு ஏற்ற வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். பூவேலையும் முறுக்குப் பின்னலும் குழந்தை பள்ளிக்கூடம் போகும்வரை வேண்டாம். எந்த வரிசையில் நிறுத்தினாலும் குழப்பம் வராத சாதாரணப் பின்னல் போதும். பஸ்ஸில் நீள ஊசி பக்கத்து சீட்டுக்காரரைக் குத்தும். வளையும் கம்பியால் இணைத்த ஊசி நல்லது. தக்ளியைப் பஸ்ஸில் எடுக்கவே வேண்டாம், காட்பாடி ரோடு திருப்பத்தில் அது எங்கே ஓடும் என்று பகவானுக்குத்தான் தெரியும்.

குழந்தைக்குப் பின்னும்போது ஒரு எச்சரிக்கை. காலுறை, கையுறையின் உள்பக்கம் தொங்கும் நூல் பச்சைக் குழந்தையின் விரலில் சுற்றி இறுகி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். டாக்டர்கள் நன்கறிந்த விஷயம் இது. போடும் முன்பு உள்ளே திருப்பிப் பார்த்து, நூல் முனைகளை ஒட்ட வெட்டிவிடுங்கள். காரணமில்லாமல் குழந்தை அழுதால் முதலில் கால் விரலைப் பாருங்கள்.

அசதியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சின்னவள் பிறந்த பிறகு ஊசியைத் தூக்கவே கை வராமல் நான்கு மாதம் இருந்தேன். "ரெண்டாவது பொறந்தா எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார்கள். பரிசோதித்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை. ஆகவே களைத்துப்போன நாட்டுப்பெண்ணுக்கு உபதேசம் செய்யும் முன்பு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பிரசவமாகி இரண்டு வாரம் கடந்தும் அழுகை ஓயவில்லை என்றால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பின்னல் மனசுக்கு இதம்தான், ஆனால் அது மருந்து ஆகாது.

என் மாமியார் அப்போது, "கொழந்தை அழறது, நீ ஊசியும் கையுமா உக்காந்திண்டிருக்கயே" என்பார். அவர் சொன்னதில் கோபம் இல்லை, பயம்தான். நான் வாதாடவில்லை. "அம்மா, பத்து நிமிஷம் நீங்க வெச்சுக்கோங்கோ, இந்த வரிசையை முடிச்சுட்டு வரேன்" என்றேன். வரிசை முடிந்து எழுந்தபோது எனக்கு எரிச்சல் இல்லை என்பதை அவரே கவனித்தார். அதற்கப்புறம் அவரே, "போ, உன் வரிசையை முடி" என்று குழந்தையை வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார். என் அகத்துக்காரருக்கு இது புரிய இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் ஆந்திராவிலேயே நரசாபுரத்தில் குரோஷா லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஜெர்மன் அறிஞர் மரியா மீஸ் 1982-ல் ஒரு புத்தகம் எழுதினார். நாளெல்லாம் பின்னினார்கள், அது வெளிநாடுகளுக்குப் போயிற்று. ஆனால் "சும்மா இருக்கும் நேரத்தில் செய்வது" என்று சொல்லியே மிகக் குறைந்த கூலி கொடுத்தார்கள். பாதியில் வைக்க முடிகிற வேலை என்பதால் அது வேலையே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். வெங்கடகிரிப் புடவை கட்டிக்கொள்கிறோமே, கைத்தறிக்கு ராட்டையில் தார் சுற்றித் தருவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். புடவை விலையைப் பேரம் பேசும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளலாம். அதேபோல், "நீதான் நன்றாகப் பின்னுகிறாயே, என் பேரனுக்கு ஒன்று போட்டுத் தா" என்று கேட்கும் மாமிகள் கம்பளி நூலையாவது வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்கலாம். ஸ்வெட்டர் பின்னி முடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆகிறது. சின்னவளுக்கென்று ஆரம்பித்தது அவளுக்குப் போதாமல் பெங்களூரில் இருக்கும் தங்கை குழந்தைக்குப் போயிற்று.

பையில் ஆறு தக்ளியும் கொஞ்சம் பஞ்சுப் பட்டையும் கொண்டு வந்திருக்கிறேன். டிபனுக்குப் பிறகு கூடத்தின் மேற்கு மூலையில் உட்கார்ந்திருப்பேன். கைக்குழந்தைக்காரர்கள் முதலில் வாருங்கள். குழந்தைகளை அதுவரை வைத்துக்கொள்ள, தக்ளியில் ஆசை இல்லாத மாமாக்கள் யாராவது இருந்தால் நல்லது.